நேயர் மன்றத்தை மூடுவது

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷம் நடத்திய வானொலி நேயர் மன்றத்தை மூடப்போகிறோம், மிச்சப் பணத்தையும் பெட்டி நிறைய இருக்கும் நிலைய அட்டைகளையும் (ஒலிபரப்பைக் கேட்டு எழுதிய நேயர்களுக்கு வானொலி நிலையங்கள் அனுப்பிய அட்டைகள்) என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிந்த மன்றம் என்றால் வெறுமனே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பொதுக்குழுவைக் கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளரிடம் கொடுங்கள். மிச்சப் பணத்தை உறுப்பினர்கள் பங்கு வைக்கக் கூடாது. பதிவே இல்லையா? சரி, எல்லாருக்கும் கணக்கைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பெட்டிதான் விஷயம். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ல் நின்றதோடு எங்கள் மன்றமும் ஓய்ந்தது. அட்டைகளை மொத்தமாக ஒருத்தர் வீட்டுப் பரணில் போட்டோம். கறையான் நீல மை முத்திரையைக்கூட விட்டுவைக்கவில்லை. நீங்கள் அவரவர் அட்டையை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், கடைசிக் கூட்டத்துக்கு மறக்காமல் அல்வா வாங்குங்கள், சண்டை குறையும்.