வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? வடசென்னைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நான் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்தேன். வெளியே வந்த பிறகு, ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டு போகும் வண்டியில் 16 வருடம் துப்பாக்கியோடு உட்கார்ந்தேன். என் பெயரில் லைசென்ஸ் இருக்கிறது, டபுள் பேரல் 12 போர் என்ற இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும் இருக்கிறது. போன மாதம் எங்கள் தெருப் படிப்பகத்தில் துப்பாக்கிச் சட்டம் பற்றிக் கொஞ்சம் பேசினேன். அதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முடிந்தவரை இங்கே பதில் சொல்கிறேன்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் துப்பாக்கி சுலபத்தில் கிடைக்கக் கூடாது. இத்தனை வருடம் அதைக் கையில் வைத்திருந்ததால்தான் இப்படிச் சொல்கிறேன்.

நகைக்கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை: அண்ணா, கீழே கடை, மேலே வீடு. பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்க என்ன செய்ய வேண்டும்?

சென்னை மாநகரத்தில் லைசென்ஸ் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர், அலுவலகம் வேப்பேரியில். 2022 முதல் ஆவடி தனிக் கமிஷனரகம் ஆகிவிட்டதால், உங்கள் காவல் நிலையம் எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டதும் நிலையத்திலிருந்து விசாரிக்க வருவார்கள். உங்கள் மேல் வழக்கு உண்டா, அக்கம்பக்கத்தில் தகராறு உண்டா, உண்மையிலேயே யாராவது மிரட்டினார்களா என்று பார்ப்பார்கள். 2016 ஆயுத விதிகள்படி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுக்கொண்டதற்கான பயிற்சிச் சான்றும் தேவை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. சொந்தச் சொத்து இல்லை என்பதை மட்டும் சொல்லி மறுக்க முடியாது என்று 1959 ஆயுதச் சட்டத்திலேயே இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

லைசென்ஸ் கிடைத்தால் 5 வருடம் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். அதற்கு முன்பு 3.

ஆனால் ஒன்று கேட்கிறேன் தம்பி. பாதி ராத்திரியில் சத்தம் கேட்டு எழுந்து, அலமாரியைத் திறந்து, தோட்டா போட்டு, இருட்டில் மாடிப்படி இறங்கப் போவது நீங்களா? கீழே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்கப் போன உங்கள் மகனா என்று அந்த நேரத்தில் தெரியுமா? நல்ல ஷட்டர், அலாரம், ராத்திரி சரக்கை வைக்கப் பெட்டகம், இவற்றுக்கு முதலில் செலவு செய்யுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், பெரம்பூர்: ரவுடிகள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டா வெட்டுகிறார்கள்? 2024 ஜூலையில் இதே பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் அவர்களையே வெட்டிக் கொன்றார்கள். நல்லவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் அவனவன் பயப்படுவான் இல்லையா?

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. லைசென்ஸ் விதி அரிவாளைத் தடுக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் நம் பக்கத்துக் கொலைகள் எப்படி நடக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். பல நாள் நோட்டம் விட்டு, நேரம் குறித்து, ஐந்தாறு பேராகச் சேர்ந்து, எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறார்கள். பல வருடம் பயிற்சி எடுத்த எனக்கே உறையிலிருந்து எடுத்துக் குறி பார்க்க இரண்டு மூன்று வினாடி வேண்டும். அவர்கள் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அதோடு, எதிராளியிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களும் அரிவாளோடு நிற்க மாட்டார்கள்.

இன்னொன்று, குண்டு எங்கே போய் நிற்கும்? பயிற்சித் திடலில் குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்கும். மூலக்கொத்தளத்திலோ புளியந்தோப்பிலோ குறி தவறினால் பின்னால் இருப்பது தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் வரிசை.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. நம் தெருவில் நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை திட்டம் போட்டு நடப்பவை கிடையாது. குழாயடியில் ஒரு வார்த்தை, பைக் உரசல், கேரம் ஆட்டத்தில் வாக்குவாதம், சாவு ஊர்வலத்தில் தள்ளுமுள்ளு. கட்டையை எடுப்பார்கள், கல்லை எடுப்பார்கள். பெண்கள் கத்துவார்கள், பெரியவர்கள் குறுக்கே விழுந்து விலக்குவார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டுக்கொண்டு வந்து, ஒரு வாரத்தில் அதே டீக்கடையில் நிற்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவன் இடுப்பில் துப்பாக்கி இருந்தால் விலக்கிவிட நேரம் ஏது?

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆர். வீட்டுக்குப் பேசத்தான் போனார். பேச்சு முடிவதற்குள் எம்.ஜி.ஆரையும் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் எம்.ஜி.ஆரின் பழைய குரல் திரும்ப வரவில்லை. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கும்.

ஐ.டி. ஊழியர், கொளத்தூர்: சார், என் அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமையாம். நமக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை?

நல்ல கேள்விம்மா. அமெரிக்காவில் 1791இல் வந்த இரண்டாவது திருத்தம் அது. தனிமனிதர் தன் வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பதும் அதில் அடங்கும் என்று 2008இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியே எடுத்துப் போக விசேஷமான காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநில விதியை 2022இல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கே நாம் காரணம் காட்டினால்தான் லைசென்ஸ். அங்கே காரணம் கேட்பதே தவறு என்று ஆகிவிட்டது.

நம் ஊரில் இந்த விவாதம் நடக்காமல் இல்லை. 1878இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்குக் கொடுத்தது. அது அவமானம். அந்தக் கோபத்தில்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தார்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி.காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கேட்டார். அம்பேத்கர் எதிர்த்தார், அது ஏற்கப்படவில்லை. இன்று நம் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை என்று இருக்கிறது. அந்த "ஆயுதமின்றி" என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் அண்ணன் பக்கத்திலும் நியாயம் உண்டு. பக்கத்து வீடே பல மைல் தள்ளி இருக்கும் பண்ணையில், போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமென்றால் நான்கூட ஒன்று வைத்துக்கொள்வேன். ஆனால் 2021இல் அந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடனுக்கு என்று வாங்கி வைத்தது அந்த வீட்டு மனிதரையே கொண்டுபோயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, பிரதமர் ஜான் ஹோவர்ட் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினார். அவர் வலதுசாரிக் கட்சிக்காரர், சொந்த ஆதரவாளர்களே எதிர்த்தார்கள், அப்படியும் செய்தார்.

மீன் வெட்டும் அம்மா, காசிமேடு: பையில் கத்தியோடு பஸ்ஸில் போகிறேன். போலீஸ் பிடித்தால் ஆயுத கேஸா?

பயப்படாதீங்க அம்மா. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. ஆனால் வீட்டு வேலைக்கும் தொழிலுக்கும் உள்ள கத்திக்கு விலக்கு உண்டு. துணி சுற்றி, கட்டி, பையின் அடியில் வையுங்கள். கேட்டால் தொழிலைச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர், திருவொற்றியூர்: ஆன்லைனில் ஏர்கன் பார்த்தேன். லைசென்ஸ் வேண்டுமா?

குழலின் உள் அகலம் .177 போருக்குள், குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். ஆனால் மொட்டை மாடியில் நின்று புறாவையும் தெருநாயையும் சுடத்தான் என்றால் வாங்காதே தம்பி. அது சட்டப்படியும் குற்றம். ஒரு பெல்லட் போதும், எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவரின் கண் போய்விடும். ஆர்வம் நிஜமென்றால் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் பழகு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது அந்தப் பத்து மீட்டரில்தான்.

பெட்ரோல் பங்க் நடத்துபவர், மாதவரம்: புதிதாக லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. எப்படி வைத்துக்கொள்வது?

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். இரண்டு சாவியும் உங்களிடம். தோட்டாக் கணக்கை நோட்டில் எழுதுங்கள். நான் மாதம் முதல் தேதி எண்ணி எழுதுவேன். தேர்தல் அறிவித்தால் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். யார் "காலி" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு நாள் காலை ஷிப்ட் மாறும்போது, கூட வேலை பார்த்தவர் தன் டபுள் பேரலை என்னிடம் நீட்டி "காலிதான்" என்றார். நல்ல மனுஷர், ராத்திரி முழுக்கத் தூங்காதவர். நான் குழலை தரைப் பக்கம் திருப்பி, லீவரைத் தள்ளி மடித்தேன். வலது குழலில் வெளிச்சம் தெரிந்தது. இடது குழலில் பித்தளை வளையம் மின்னியது, பெரிய ஈய உருண்டைகள் உள்ள ஒரு எல்.ஜி. தோட்டா. எங்களுக்கு மூன்றடி தள்ளி, டீ கொண்டுவந்த பையன் தூக்குச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தான். யாரும் எதுவும் பேசவில்லை. அன்று முதல் என் சொந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் இரண்டு முறை மடித்துப் பார்க்கிறேன், விரலையும் விட்டுப் பார்க்கிறேன்.

பெயர் வேண்டாம் என்றவர், வியாசர்பாடி: கணவர் செக்யூரிட்டி வேலை பார்த்தவர், சொந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. வேலை போன பிறகு தூக்கமில்லை, குடி அதிகம், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்கிறார். என்ன செய்ய?

தங்கச்சி, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை இன்றே செய்யுங்கள். துப்பாக்கி இன்று ராத்திரி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அவர் மதிக்கிற ஒருவரை, அண்ணனோ பழைய சகாவோ, வரச் சொல்லுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய் லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடம் பாதுகாப்பில் வைக்கலாம், அல்லது காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். அவர் சம்மதிக்கவில்லை என்றால் நீங்களே நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இது காட்டிக்கொடுப்பது ஆகாது. அந்த எண்ணம் ஒருவருக்கு உச்சத்தில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாமல் இருந்தால் மனிதர் மிஞ்சுவார்.

14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

என் மனைவி தவறிய அந்த வருடம் நானும் என் துப்பாக்கியை டீலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு மாதம் அங்கேயே இருந்தது. கேட்டவர்களிடம் ரிப்பேர் என்று சொன்னேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மின்வாரிய ஊழியர், தண்டையார்பேட்டை: தாத்தா வீட்டைக் காலி செய்கிறோம். பரணில் கோணியில் சுற்றிய பழைய துப்பாக்கி. லைசென்ஸ் இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

தொடாதீர்கள். துடைக்க வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், பைக்கில் வைத்து நிலையத்துக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். வழியில் பிடித்தால் விளக்கம் சொல்வது கஷ்டம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 2 முதல் 5 வருடம் வரை சிறை. தாத்தாவின் பழைய பெட்டியில் லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டாலும், நிலையத்துக்குப் போய் நீங்களாகவே சொல்லி, எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் வந்து எடுத்துப் போகட்டும். அதுவரை அந்த அறையைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பழைய குழலுக்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.