வீட்டுக்காரர் கேட்பதும் பாத்ரூம் தாங்குவதும்: டைல்ஸ் வேலை கேள்வி-பதில்

கேள்வி: பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. தரைக்கு 4 அடிக்கு 2 அடி டைல்ஸ்தான் வேண்டும், ஒரு வெட்டுகூடத் தெரியக்கூடாது, ஹால் மாதிரி மட்டமாக இருக்கணும் என்கிறார் வீட்டுக்காரர். நாணி ட்ராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டை) நடுவில் இருக்கிறது. முடியாது என்றால், "வேற மேஸ்திரியைப் பார்த்துக்கிறேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அவர் மேல் கோபப்படாதீர்கள். அந்த டைல்ஸைக் கடையில் காய்ந்த தரையில்தான் பார்த்திருப்பார், தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்க மாட்டார்.

வாட்டம், அதாவது சரிவு, இல்லாத தரையில் தண்ணீர் அங்கங்கே தேங்கும். போர் தண்ணீராக இருந்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு படியும். 80 அடிக்கு 1 அடி என்று வைத்தாலே, சுவரிலிருந்து நடு ட்ராப் வரையுள்ள மூன்றரை அடிக்கு ஏறக்குறைய அரை அங்குலம் இறக்கம் வேண்டும். ட்ராப் நடுவில் இருப்பதால் நான்கு பக்கமிருந்தும் தரை இறங்கி வரணும். 4க்கு 2 டைல் மடங்காது. மூலையிலிருந்து ட்ராப்பை நோக்கிக் குறுக்கே வெட்டினால்தான் உட்காரும். வெட்டாமல் வைத்தால் ஒரு முனை தூக்கி நிற்கும், வெறுங்காலில் இடிக்கும்.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டு டைலை மணல் மேல் சும்மா பரப்பி, ரசமட்டம் வைத்துச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரரை நிற்கவைத்து அரை மக் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிஷம் ஆனாலும் தண்ணீர் அப்படியே கிடக்கும். அப்புறம் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள், தண்ணீர் ஓடிவிடும். இதைப் பார்த்த பிறகும் பிடிவாதம் பிடித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கையோடு மாற்று வழியும் சொல்லுங்கள். ட்ராப்பை மூலைக்குத் தள்ள முடிந்தால் மொத்தத் தரையும் ஒரே சரிவாக அந்த மூலைக்கு இறங்கும். குறுக்கு வெட்டு தேவையில்லை, பெரிய டைலே போதும். ஆனால் சுவரின் அடிவரிசை டைலைத் தரையின் சரிவுக்கு ஏற்றபடி சாய்வாக வெட்டணும். அதை முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்த பிறகு பார்த்தால் "ஏன் கோணலா இருக்கு" என்பார். ட்ராப்பை நகர்த்த முடியாதென்றால் அதே டைலை 1க்கு 1 ஆக வெட்டிப் போடலாம்.

எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையா, அந்த வேலையை விட்டுவிடுங்கள். பல வருஷம் முன்பு, "நான் சொன்னபடிதான் போட்டார்" என்று ஒருவர் எழுதியே கொடுத்ததால், தரையை மட்டமாகப் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் கதவு நிலையின் அடி ஊறி உப்பிவிட்டது. போய்ப் பார்த்தபோது அந்த வீட்டுப் பாட்டி குனிந்து துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். எழுதி வாங்கிய காகிதம் அந்த அம்மாவுக்கு எந்த விதத்தில் உதவும்?

கேள்வி: ஜாயின்ட்டே தெரியாமல் ஒட்டி ஒட்டிப் போடச் சொல்கிறார்கள்.

பதில்: ஒரே பெட்டியிலிருந்து நான்கு டைலை எடுத்து நிமிர்த்தி அடுக்கி, மேல்விளிம்பில் விரலை ஓட்டச் சொல்லுங்கள். பல பெட்டிகளில் நூலளவு ஏற்றத்தாழ்வு கையில் படும். அதைச் சரிக்கட்டத்தான் இடைவெளி. 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் (டைல்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கும் துண்டு) வைத்து, டைல் நிறத்திலேயே எபாக்ஸி என்ற பிசின் கலவையை நிரப்பினால் கோடு கண்ணை உறுத்தாது. எபாக்ஸியைக் காய்வதற்குள் ஸ்பாஞ்சால் துடைத்துவிடணும், இறுகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: வீட்டில் ஒரே பாத்ரூம். இன்று தரை போட்டு நாளை குளிக்கணுமாம்.

பதில்: முடியாது. டைல் ஒட்டி ஒரு நாள், ஜாயின்ட் நிரப்பி இன்னொரு நாளாவது விடணும். சிமென்ட் கலவையில் போட்டால் இன்னும் கூடும். வேலை தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: கீழ்வீட்டு சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது. மேலே பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தரச் சொல்கிறார்.

பதில்: ஒழுகல் இருக்கும்போது இதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. முதலில் எப்போது சொட்டுகிறது என்று கேளுங்கள். யாரும் குளிக்காத நேரத்திலும் விடாமல் சொட்டினால் தண்ணீர் வரும் பைப்பைப் பார்க்கணும். குளித்த பிறகு மட்டும் என்றால் தரையோ ட்ராப்போ கழிவுநீர் பைப்போதான். இரண்டுக்குமே மேலே ஒட்டும் டைல் மருந்தாகாது, கோளாறு அடியில் புதைந்து போகும். உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, ட்ராப்பை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல்.

ஒழுகல் இல்லாத வீடு என்றால் யோசிக்கலாம். பழைய டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், டொக் டொக்கென்று வெறுமையாகக் கேட்பதைப் பெயர்த்துவிடணும். தரை அரை அங்குலமாவது உயரும். கதவு திறக்குமா, வெளித்தரையைவிட இன்னும் தாழ்வாக இருக்குமா என்று அளந்து சொல்லுங்கள்.

கேள்வி: பளபளப்பான டைல்ஸைத் தரைக்கே வாங்கி வைத்துவிட்டார்கள். வீட்டில் எழுபது வயசுப் பெரியவர் இருக்கிறார்.

பதில்: சங்கடப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள் தம்பி. ஒரு டைலை நனைத்து, சோப்பு தேய்த்து, வீட்டுக்காரரின் உள்ளங்கையை அதன் மேல் ஓட்டச் சொல்லுங்கள். வழுக்குவது அவருக்கே தெரியும். அந்த டைல்ஸைச் சுவருக்கு வைத்துக்கொண்டு தரைக்குச் சொரசொரப்பான ஆன்டி-ஸ்கிட் (வழுக்காத) டைல்ஸ் வாங்கச் சொல்லுங்கள். பிரிக்காத பெட்டிகளைத் திரும்ப எடுப்பீர்களா என்று கடையில் இன்றைக்கே கேளுங்கள், ஒரு பெட்டியைப் பிரித்து நனைத்த பிறகு கேட்பது கஷ்டம்.