சனிக்கிழமை மீன் சாப்பாடும் தடைக்காலக் கணக்கும்

கேள்வி: மண்டபத்தில் இருக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் வேலை. கைக்கு வரும் சம்பளம் 23,000 ரூபாய். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். சராசரியாக மாதம் 14,000 கொண்டுவருவார், மீன்பிடித் தடைக்காலத்தில் ஒன்றும் வராது. பள்ளிக் கட்டணம், பஸ் எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு 30,000, நகைச்சீட்டு 3,000. சனிக்கிழமை மதியம் டியூட்டி முடிந்ததும் நான் மட்டும் ஹோட்டலில் உட்கார்ந்து மீன் சாப்பாடு சாப்பிடுவேன், 280 ரூபாய் ஆகும். வாரத்தில் எனக்கென்று இருக்கும் ஒரு மணி நேரம் அதுதான். மற்ற நாளில் அசதியாக இருந்தால் வீட்டுக்குப் பரோட்டா பார்சல் வாங்குவேன், அது மாதம் 1,900 வரை போகும். போன தடைக்காலத்தில் வளையலை 25,000-க்கு அடகு வைத்தோம், 2 வட்டி. மீட்க எட்டு மாதம் ஆயிற்று. “தனியாப் போய் ஹோட்டல்ல சாப்பிட்டா நகை அடகுக்குத்தான் போகும்” என்கிறார் மாமியார். நிறுத்திவிடவா?

பதில்: வேண்டாம். வளையல் அடகுக்குப் போனதற்கும் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது வருடம் தவறாமல் வரும் செலவு. அதற்கு நீங்கள் பணம் ஒதுக்கவில்லை, அதனால் அடகு. 25,000-க்கு 2 வட்டி என்றால் மாதம் 500, எட்டு மாதத்துக்கு 4,000. பதினான்கு சனிக்கிழமைச் சாப்பாட்டுக் காசு அது. மாமியாரின் பயம் நியாயமானது. கை காட்டிய இடம்தான் தவறு.

தடைக்காலத்துக்கு எவ்வளவு வேண்டும்? பலர் இழக்கும் வருமானத்தையே (14,000 வீதம் இரண்டு மாதம், 28,000) கணக்கில் வைத்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள். வேண்டியது துண்டு விழும் தொகை மட்டும். வீட்டுச் செலவு 30,000, சீட்டு 3,000, உங்கள் சாப்பாட்டுக்கு 1,250, பார்சலுக்கு 400. மொத்தம் 34,650. உங்கள் சம்பளம் போக மாதம் 11,650 குறையும். இரண்டு மாதத்துக்கு 23,300. உங்கள் சாப்பாட்டை உள்ளே வைத்துத்தான் இந்தக் கணக்கு, கவனியுங்கள்.

சாப்பாட்டுக்கு 1,120 போதாதா, ஏன் 1,250 என்று கேட்கலாம். வருடத்துக்கு 52 சனிக்கிழமை. 280 வீதம் 14,560. நான்கு வாரத்துக்கு மட்டும் ஒதுக்கினால், ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் மளிகைக் காசில் கை வைப்பீர்கள். வீட்டில் பேச்சு கிளம்புவது அந்த மாதத்தில்தான்.

குறைக்க வேண்டியது பார்சலை. சனிக்கிழமை நீங்கள் விரும்பிப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். பார்சல் அப்படியில்லை, பஸ்ஸை விட்டு இறங்கும்போது வீட்டில் மாவு இல்லை என்பதால் வாங்குவது. ஞாயிறும் புதனும் மாவு அரைத்தோ வாங்கியோ வைத்துவிட்டு, ஒரு டஜன் முட்டையும் இருந்தால் மாதம் இரண்டு பார்சலோடு நிற்கும். அதற்குத்தான் 400. சுத்தமாக நிறுத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள். மூன்றாவது வாரமே முறிந்து பழைய 1,900-க்குப் போய்விடும்.

இப்படிச் செய்தால் படகு ஓடும் மாதங்களில் 37,000-இல் 2,350 மிஞ்சும். தடை முடிந்து ஜூலையில் 2,300 ரூபாய்க்கு வங்கியில் 9 மாத ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) தொடங்குங்கள், சம்பளம் ஏறிய மறுநாளே கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கட்டும். 20,700-உம் கொஞ்சம் வட்டியும் ஏப்ரல் தொடக்கத்தில் கைக்கு வரும். ஜூன் பிற்பாதி, ஏப்ரல் முற்பாதி இரண்டிலும் மிஞ்சுவதைச் சேர்த்தால் 23,300 தேறிவிடும். சில வங்கிகளில் ஆர்.டி.க்குக் குறைந்தது 12 மாதம், சிலவற்றில் 6 மாதம். 9 மாதத்துக்குப் போடும் வங்கியாகப் பாருங்கள். அஞ்சலக ஆர்.டி. இதற்கு ஆகாது. அது 5 வருடத் திட்டம், 3 வருடம் முடியாமல் கணக்கை முடிக்க விடமாட்டார்கள். அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தடை தொடங்கிய அன்றே வரும் என்று நம்ப முடியாது. வந்தால், வலை, மருந்து என்று திடீரென வரும் செலவுக்கு ஆகும்.

1,250-ஐ சம்பள நாளிலேயே யு.பி.ஐ. லைட்டில் (சின்னத் தொகைகளுக்காக போனில் இருக்கும் பர்ஸ் மாதிரி) ஏற்றிவிடுங்கள். அதில் 5,000 வரை வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமல் கொடுக்கலாம். பாஸ்புக்கில் ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாக விழும். தீர்ந்தால் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வசதியை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இந்த ஏற்பாடே வீண். போன் மாற்றும் முன் மீதியைக் கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும்.

வீட்டில் வாதாட வேண்டாம், ஆர்.டி. பாஸ்புக்கைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் சொல்லலாம்: வீட்டுக்காரரின் டீ, வடைக்கு நாளைக்கு 40 என்றாலும் 26 நாளில் 1,040 ஆகிறது. அதை யாரும் ஊதாரித்தனம் என்பதில்லை, சொல்லவும் வேண்டாம். உங்கள் 1,250-உம் வீட்டுச் செலவு நோட்டில் அதே மாதிரி ஒரு வரியாக இருக்கட்டும். ஒளித்துச் செய்தால் சாப்பாடு இறங்காது.

தனியாகச் சாப்பிடும்போது பில் ஏறுவது பெரும்பாலும் வறுவலால். சாப்பாட்டு விலை போர்டில் இருக்கும், சீலா, பாறை வறுவலுக்கு “சைஸைப் பொறுத்து” என்பார்கள். இலை போடும் முன்பே “இன்னைக்கு என்ன மீன், துண்டு எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். நண்டு, கணவாய் மசாலாவெல்லாம் இரண்டு பேர் அளவு. ஒருவருக்கு வாங்கினால் பாதி பார்சலாகத்தான் வீட்டுக்கு வரும். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறும். அந்த எட்டு ஒன்பது வாரம் சைவச் சாப்பாடோ முட்டைக் குழம்போ எடுத்தால் 280-க்குள் நிற்கும். ஆடி, தை, புரட்டாசி அமாவாசை சனிக்கிழமையில் விழுந்தால் ராமேஸ்வரம் போகும் கூட்டம் வழியெல்லாம் இறங்கும். தனி ஆளை மேசையில் நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள், மறுநாள் போங்கள்.

பில்லையும் ஒரு பார்வை பாருங்கள். சாதாரண உணவகத்தில், ஏசி இருந்தாலும், ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டுவது) இருக்கும் சின்னக் கடை உங்களிடம் வரி தனியாக வாங்கவே கூடாது. அது பில்லிலேயே எழுதியிருக்கும். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.