பாதி வாக்கியத்தில் பாயும் விண்டோ – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டிலிருந்தபடி ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப், அதோடு ஒரு 24 அங்குல மானிட்டர். மானிட்டரில் மூலம், லேப்டாப்பில் வேர்ட், ஓரத்தில் அகராதி என்று காலையில் அடுக்கிவைப்பேன். மானிட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால் எல்லாம் லேப்டாப் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கிறது. வைத்த இடத்திலேயே இருக்க என்ன செய்வது? அகராதி எப்போதும் மேலேயே நிற்க வழி உண்டா? டாஸ்க்பாரை இடது ஓரத்தில் வைக்கும் வசதியை ஏன் எடுத்தார்கள்?

இன்னொன்று. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே வேறு விண்டோ முன்னால் வந்து, பாதி வாக்கியம் அதற்குள் போய்விடுகிறது. கீபோர்டைப் பார்த்தே அடிக்கும் பழக்கம் எனக்கு. என் கவனக்குறைவுதான்.

– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

கேட்ட கேள்விகளையெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, கேட்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் உங்கள் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் மானிட்டர். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போங்கள். மானிட்டர் இணைப்பை வைத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கச் சொல்லும் கட்டம் ஒன்றும், மானிட்டர் கழன்றால் அதிலிருந்த விண்டோக்களை மினிமைஸ் செய்யச் சொல்லும் கட்டம் ஒன்றும் இருக்கும். இரண்டிலும் டிக் வேண்டும். உங்கள் கேபிள் டிஸ்ப்ளேபோர்ட்டாக இருந்தால், மானிட்டரை அணைத்ததும் அதைப் பிடுங்கிவிட்டதாகவே கணினி எடுத்துக்கொள்ளக்கூடும். குவியலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். சாப்பிடப் போகும்போது மானிட்டரின் பட்டனைத் தொடாமல் விண்டோஸ் கீயோடு எல் அழுத்திப் பூட்டிவிட்டுப் போய்ப் பாருங்கள். திரைக்கு வெளியே மாட்டிக்கொண்ட விண்டோவுக்கு ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, பிறகு எம், பிறகு ஏதாவது ஒரு அம்புக்குறி கீ. அதன்பின் மவுஸை அசைத்தால் கூடவே வரும்.

அகராதிக்கு மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற துணைப் புரோகிராமை நிறுவி, அகராதி விண்டோவில் நின்றுகொண்டு விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டி (T) மூன்றையும் அழுத்துங்கள். மேலேயே நிற்கும். டாஸ்க்பார் எந்த ஓரத்தில் இருந்தால் என்ன? அதற்காக ஒரு வரி எழுதியிருக்க வேண்டாம்.

இனி, கவனக்குறைவு. இந்தச் சொல்லை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? மூலத்தைப் பார்த்து அடிப்பவர், கீபோர்டைப் பார்த்து அடிப்பவர், பார்வையில்லாமல் திரை வாசிப்பானைக் கேட்டு அடிப்பவர், யாருடைய கண்ணும் அந்த நொடியில் திரையில் இல்லை. எழுதிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குகிறவனை விட்டுவிட்டு, இறுக்கிப் பிடிக்கவில்லையே என்று அவரையே திட்டுவீர்களா? கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் கணினி பாதுகாப்பாக இருக்கும் என்றால், தவறு அந்தக் கணினியை வடிவமைத்தவர்களுடையது.

அவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. விண்டோஸ் 95-இல் எந்தப் புரோகிராமும் நினைத்தபோது முன்னால் வந்து நிற்கலாம். விண்டோஸ் 98-இலும் 2000-இலும் அதற்குத் தடை போட்டார்கள். இப்போது முன்னால் இருக்கும் புரோகிராம், அது தொடங்கிவைத்த புரோகிராம், கடைசியாக உங்கள் கீயையோ கிளிக்கையோ வாங்கிய புரோகிராம் ஆகியவற்றுக்கே முன்னால் வர உரிமை. மற்றது கேட்டால் டாஸ்க்பாரில் அதன் பட்டன் மினுக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஃபோர்கிரவுண்ட் லாக் டைம்அவுட் (ForegroundLockTimeout) என்றொரு மதிப்பு இருக்கிறது: 200000 மில்லிசெகண்ட், அதாவது 200 நொடி. உங்கள் கை கீபோர்டிலோ மவுஸிலோ பட்டு அவ்வளவு நேரம் ஆகும்வரை இந்தத் தடை செல்லும்.

நல்ல சட்டம்தான், ஓட்டைகள் நிறைய. சில புரோகிராம்கள் ஆல்ட் கீயை யாரோ அழுத்தியதுபோலப் போலியாக ஒரு தட்டை அனுப்பி உரிமையை வாங்கிக்கொள்கின்றன. சில, முன்னால் இருக்கும் புரோகிராமுக்குக் கீயும் கிளிக்கும் வந்துசேரும் உள்ளீட்டு வரிசையோடு தம்மை ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. வேறு சில அந்த 200000-ஐயே பூஜ்யமாக்கிவிடுகின்றன. உங்கள் கணினியில் அப்படி நடந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்: ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ கரன்ட் யூசர், கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப். அங்கே அந்த மதிப்பு பூஜ்யமாக இருந்தால் டெசிமலில் 200000 என்று திருத்தி, சைன் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள்.

இதற்கெல்லாம் மேலான ஓட்டை ஒன்று உண்டு. நீங்களே திறந்த ஃபைலாக இருந்தால் தடை பெரும்பாலும் காப்பாற்றாது. கனமான எக்ஸெல் ஃபைலை டபுள் கிளிக் செய்துவிட்டு, திறக்கட்டும் என்று வேர்டுக்குத் திரும்பி நான்கு வரி அடிக்கிறீர்கள். அது திறந்து முடித்ததும், நீங்கள் கூப்பிட்டதற்காக, ஐந்தாவது வரியின் நடுவில் வந்து நிற்கிறது. கூப்பிட்டது உண்மை. ஆனால் கூப்பிட்ட பிறகு நீங்கள் வேறிடத்தில் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

லினக்ஸில் கேடிஇ என்ற டெஸ்க்டாப் இதைப் பல ஆண்டுகளாகக் கணக்கில் எடுக்கிறது. லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ முறையில் ஒவ்வொரு விண்டோவும் கடைசியாக உங்கள் கை பட்ட நேரத்தைக் குறித்துவைக்கிறது. புதிய விண்டோவைத் திறக்கச் சொன்ன நேரம், நீங்கள் இப்போது அடித்துக்கொண்டிருக்கும் விண்டோவில் கடைசிக் கீ விழுந்த நேரத்துக்கு முந்தியது என்றால், புதிய விண்டோவுக்குக் கீபோர்டு கிடையாது. இரண்டு நேரங்களை ஒப்பிடும் வேலை, வேறொன்றுமில்லை. எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதை லோ, மீடியம், ஹை, எக்ஸ்ட்ரீம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நான் கேட்கும் முதல் திருத்தம் இதுதான். விண்டோ வரட்டும், கண்ணுக்குத் தெரியட்டும், கீபோர்டை மட்டும் தொடக்கூடாது.

இரண்டாவது, கேள்வி கேட்கும் டயலாக் பெட்டிகளுக்கு. பெட்டி வந்ததுமே ஒரு பட்டன் தயாராக நிற்கும். ஸ்பேஸ் அழுத்தினாலும் என்டர் அழுத்தினாலும் அது அழுந்திவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஸ்பேஸ் விழும். பெட்டியைப் படிக்கும் முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. நீங்கள் தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் அடிப்பவர் என்றால் இன்னொரு ஆபத்து. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி உள்ளீட்டு மொழி என்ற அமைப்பை வைத்திருந்தால், புதிதாக வரும் பெட்டி ஆங்கிலத்தில் நிற்கக்கூடும். தமிழ்99-இல் ள இருக்கும் கீதான் ஒய், ல இருக்கும் கீதான் என். யெஸ், நோ கேட்கும் வழக்கமான மெசேஜ் பெட்டியில் ஆல்ட் இல்லாமலே இவை வேலை செய்யும். ‘பள்ளி’ என்று அடிக்கப்போய் எதற்கோ சம்மதம் சொல்லியிருப்பீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் இதற்கு எப்போதோ தீர்வு கண்டுவிட்டது. பதிவிறக்கப் பெட்டியோ நிறுவல் பெட்டியோ வந்தால் அதன் பட்டன் 1000 மில்லிசெகண்ட் மங்கிக் கிடக்கும், அழுத்தினாலும் அழுந்தாது. ஏதாவது ஒரு சொல்லை உங்களை அடிக்கவைத்து, அதன் நடுவே பெட்டியைக் காட்டிச் சம்மதம் வாங்கும் மோசடி வலைப்பக்கங்களைத் தடுக்கத்தான் அது. பிரவுசரால் முடிகிற இந்த ஒரு நொடிப் பொறுமையை ஆபரேட்டிங் சிஸ்டமே எல்லாப் பெட்டிகளுக்கும் ஏன் கட்டாயமாக்கக்கூடாது? யாருக்கு என்ன நஷ்டம்?

அதுவரை செய்யக்கூடியவை. அந்தத் தனித்தனி மொழி அமைப்பு உங்களிடம் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ். ஸ்பேஸும் என்டரும் அப்போதும் ஆபத்துதான், ஒய் (Y), என் (N) கீகளின் ஆபத்து இராது. அடுத்தமுறை விண்டோ பாய்ந்தால், கோபத்தில் உடனே மூடாமல் டாஸ்க்பாரில் எது முன்னால் நிற்கிறது என்று பார்த்து, பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அரட்டைப் புரோகிராம் என்றால் அதன் செட்டிங்ஸிலேயே பாப்அப்பை நிறுத்தலாம். கறுப்பு விண்டோ ஒன்று கண நேரம் மின்னி மறைகிறது என்றால் பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில் ஓடும் ஏதோ ஒரு வேலை. குறித்த நேரத்தை வைத்து, லாஸ்ட் ரன் டைம் பத்தியில் அதே நேரம் காட்டும் வேலையைக் கண்டுபிடித்து, அதன் ஜெனரல் பக்கத்தில் பயனர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு என்ற தேர்வுக்கு மாற்றுங்கள். பிறகு அது பின்னணியில் ஓடும், உங்கள் வாக்கியத்துக்குள் வராது.