பட்டறைக் கேள்விகள்: இந்த மாதம் பிளானட்டரி கியர்

போன மாதம் கடைசி வரியில் "பிளானட்டரி பெட்டி பற்றி எழுதுங்கள்" என்று போட்டிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நடுவில் சன் கியர், அதைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று பிளானட் கியர், அவற்றைத் தாங்கும் கேரியர், வெளியே உள்பக்கம் பல் வைத்த ரிங் கியர். இதுதான் பிளானட்டரி பெட்டி. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொக்லைன்காரர்களுடையவை. சர்க்கரை ஆலையில் 16 வருடம், சொந்தப் பட்டறையில் 18 வருடம் இந்தப் பெட்டிகளோடுதான் என் பிழைப்பு. என் கைக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

20 டன் செயின் பொக்லைன் வைத்திருக்கிறேன், கல்குவாரி வேலை. இடது பக்கச் செயினை ஓட்டும் டிராவல் கியர் பெட்டி ஒழுகுகிறது. மூன்று மாதத்தில் இரண்டு முறை மெட்டல் சீல் மாற்றியாயிற்று. மட்டமான சீலைத் தலையில் கட்டிவிட்டார்களா?
*— வாசகர், நாமக்கல்*

சீல் மேல் பழி போடும் முன் ஒரு காலி கேனும் அளவு ஜாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஆறிய பிறகு, பெட்டி மூடியில் இருக்கும் டிரெயின் பிளக் கீழே ஆறு மணி முள் இடத்துக்கு வரும்படி நகர்த்தி நிறுத்தி, முழு ஆயிலையும் இறக்கி அளந்து பாருங்கள். மேல் பிளக்கைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்.

ஏன் அளக்கச் சொல்கிறேன் என்றால், இதே மாதிரி ஒரு வண்டி என்னிடம் வந்தது. ஊற்றியது 5 லிட்டர். இறக்கினால் 7 லிட்டர் வருகிறது! ஒழுகுகிற பெட்டியில் ஆயில் குறையத்தானே வேண்டும்? கூடினால் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே வருகிறது என்று அர்த்தம். டிராவல் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் போய், மோட்டார் ஆயில் கியர் பெட்டிக்குள் இறங்கி, அழுத்தம் ஏறி, கடைசியில் மெட்டல் சீல் வழியே வெளியே தள்ளுகிறது. நீங்கள் எத்தனை மெட்டல் சீல் மாற்றினாலும் அது தள்ளும். கையில் தொட்டாலே தெரியும்: கியர் ஆயிலின் கொழகொழப்பும் அந்தக் காட்டமான கந்தக வாடையும் போய், தண்ணியாக இருக்கும். அந்த வண்டியில் மோட்டார் சீல் போனதற்கும் ஒரு காரணம் இருந்தது. கேஸ் டிரெயின் ஹோஸ் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. மோட்டாருக்குள் கசிகிற ஆயில் டாங்குக்குத் திரும்ப வழியில்லை. ஹோஸை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடி என் வாசலில்தான் வந்து நின்றிருக்கும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்து பேரிங். பூமையும் பக்கெட்டையும் ஊன்றி அந்தப் பக்கச் செயினைத் தூக்குங்கள். கட்டை முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் போகக் கூடாது. ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே கடப்பாரை கொடுத்து நெம்பி, டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஹப் ஆடுகிறது என்றால் மெயின் பேரிங் தளர்ந்துவிட்டது. ஆடுகிற ஹப்பில் எந்த சீலும் நிற்காது.

இரண்டும் சரி என்றால், மன்னிக்க வேண்டும், மாட்டிய கையில்தான் குறை. மெட்டல் சீல் என்பது இரண்டு இரும்பு வளையம், இரண்டு ரப்பர் வளையம். இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டு ஆயிலை அடைக்கின்றன. ரப்பர் அவற்றைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்கிறது. சரிவில் உட்கார்ந்த ரப்பர் வழுக்காமல் பிடித்தால்தான் வளையம் அதனோடு சேர்ந்து சுற்றும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? எந்த ரப்பரைப் பார்த்தாலும் ஆயில் தடவுகிறார்கள். இங்கே அது கூடாது. ரப்பரும் அது உட்காரும் பள்ளமும் தின்னர் போட்டுத் துடைத்து, உலர்ந்து இருக்க வேண்டும். அழுத்தும்போது சுற்றிலும் ஒரே மட்டமாக இறங்க வேண்டும். நாலு இடத்தில் ஸ்கேல் வைத்து உயரம் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டிருக்கிறது, கழற்றித் திரும்பப் போடுங்கள். பளபளவென்று இருக்கும் உரசும் முகத்தில் மட்டும் ஒரு சொட்டு ஆயில், விரலால். அதைப் பனியன் வேஸ்ட் வைத்துத் துடைக்காதீர்கள். ஒரு நூல் போதும், ஒழுகுவதற்கு.

பழைய சீலைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதன் முகத்தில் மெல்லிய பளபளப்புக் கோடு ஒன்று வளையமாக இருக்கும். புது சீலில் அது வெளி ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தேயத் தேய உள்ளே நகரும். உங்களுடையதில் மூன்று மாதத்திலேயே கோடு உள் ஓரத்துக்கு வந்திருந்தால் மண் புகுந்து அரைத்திருக்கிறது. கோடு ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒல்லி என்றால் கோணலாக மாட்டியிருக்கிறார்கள். குவாரிச் சேறு ஹப் இடுக்கில் இறுகிக் காயாமல் சாயங்காலம் சுரண்டி விடச் சொல்லுங்கள் ஆபரேட்டரிடம். பத்து நிமிட வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

மூன்று பிளானட்டில் ஒன்றில் மட்டும் பல் உடைந்திருக்கிறது. ஒன்று மட்டும் வாங்கினால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். மற்ற இரண்டையும் திருப்பிப் போட்டால் புதுப் பக்கம் கிடைக்கும் என்றும் சொல்கிறார்.
*— வாசகர், கரூர்*

இரண்டுமே வேண்டாம்.

இந்தப் பெட்டி சின்ன உருவத்தில் பெரிய பாரம் இழுப்பதே மூன்று பேர் சமமாகத் தோள் கொடுப்பதால்தான். தேய்ந்த இரண்டு பிளானட்டுக்கு நடுவே ஒரு புதியதைப் போட்டால், பல் தடிமன் அதிகமுள்ள புதியதுதான் முதலில் மோதும். பாரத்தில் பெரும்பங்கு அதன் தலையில். சில மாதத்தில் அதுவும் உடையும், நீங்கள் மெக்கானிக்கைத் திட்டுவீர்கள், அவர் கடைக்காரரைத் திட்டுவார். மூன்றும் செட்டாக, அவற்றின் நீடில் ரோலர், பின், த்ரஸ்ட் வாஷரோடு மாற்றுங்கள். சன் கியரையும் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். உடைந்த பல் துண்டு அதைக் கடிக்காமல் விட்டிருக்காது.

திருப்பிப் போடும் யோசனை சாதாரண கியருக்கு நல்ல யோசனைதான். பிளானட்டுக்குப் பலிக்காது. சன் வந்து பிளானட் பல்லை ஒரு முகத்தில் தள்ளுகிறது; அதே பல் அரைச் சுற்று போய் ரிங் கியரைத் தள்ளும்போது மறு முகத்தால் தள்ளுகிறது. ஆக ஒரே திசையில் ஓடும் பெட்டியில்கூட பிளானட்டின் இரண்டு முகமும் உழைத்தாயிற்று. பல் ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் என்ன ஆகும்? அடிப் பகுதியில் முடி போல விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது, டை பெனிட்ரன்ட் (விரிசலில் ஊறும் சாயம்) அடித்துப் பார்த்தால் சிவப்புக் கோடாகக் காட்டும். மூன்று கேன் செட்டாகக் கடையில் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் ஒரே திசையில் ஓடும் கன்வேயர், மில் மாதிரி இடங்களில் சன் கியரைத் திருப்பலாம், இரண்டு முனையும் ஒரே மாதிரி செய்திருந்தால். பொக்லைனில் அதற்கும் வழியில்லை, முன்னும் பின்னும் ஓடுகிற வண்டி.

பெட்டியைத் திறந்தால் சன் கியர் லொட லொட என்று ஆடுகிறது. பேரிங்கையே காணோம். யாரோ கழற்றி எடுத்துவிட்டார்களா?
*— வாசகர், ஓசூர்*

யாரும் எடுக்கவில்லை. அதை அப்படித்தான் மிதக்க விட்டிருக்கிறார்கள். மூன்று பிளானட்டுக்கு நடுவே அது தானாக மையம் தேடிக்கொள்ளும், பாரமும் தானாகப் பங்காகும். புஷ் போட்டு இறுக்கிய ஒரு பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்திருந்தார்கள். ஒரு பிளானட் மட்டும் நீலம் பாரித்துப் போயிருந்தது.

சன்னின் முனை போய் இடிக்கும் த்ரஸ்ட் பேட் மூடியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது காணாமல் போவதுதான் வழக்கம். கழுவும் டப்பாவில் அடியில் கிடக்கும்.

ஆலையில் மில் டிரைவ் பிளானட்டரிக்கு மாறி இரண்டு சீசன் ஆகிறது. ஆஃப் சீசனில் முதல் முறையாகக் கழற்றப் போகிறோம். ஷ்ரிங்க் டிஸ்க் போட்ட பெட்டி. என்ன கவனிக்க வேண்டும்?
*— வாசகர், விழுப்புரம் மாவட்டம்*

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம். பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஆலையில் இதே வேலை. பெட்டியின் ஹாலோ ஷாஃப்டை (நடுவே துளையுள்ள ஷாஃப்ட்) ரோலர் ஷாஃப்டில் ஏற்றி, வெளியே சுற்றி நெரித்துப் பிடிக்கும் வளையமான ஷ்ரிங்க் டிஸ்க்கை இறுக்கினோம். துருப் பிடிக்கக் கூடாதே என்று ரோலர் ஷாஃப்டில் நான்தான் மெல்லிசாக ஆயில் தடவினேன். கரும்பு போட்ட முதல் ராத்திரி, மோட்டார் ஓடுகிறது, பெட்டி சுற்றுகிறது, ரோலர் முக்கி முக்கி நிற்கிறது. ஷாஃப்டிலும் ஹப்பிலும் சேர்த்து ஒரு வெள்ளை பெயிண்ட் கோடு போட்டு வைத்திருந்தார் எங்கள் ஃபோர்மன். காலையில் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து ஒரு விரல் கடை தள்ளி நிற்கிறது. கீ கிடையாது, பல் கிடையாது. வெறும் இறுக்கத்தில் மட்டும் பிடிக்கிற சாமான் அது. அதன் பிடியில் ஆயில் தடவிவிட்டேன். ஃபோர்மன் திட்டவில்லை. பெயிண்ட் டப்பாவை என் கையில் கொடுத்து, "அடுத்த கோடு நீ போடு" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே: ஷாஃப்டும் ஹாலோ ஷாஃப்டின் உள் துளையும் ஆயில் பசையில்லாமல் உலர்ந்து இருக்கட்டும். கிரீஸ் வேண்டிய இடம் டிஸ்க்கின் சரிவு, போல்ட் மரை, போல்ட் தலைக்கு அடி. இறுக்கும்போது எதிர் எதிரே போகாமல் வரிசையாகச் சுற்றி வாருங்கள், ஒரு போல்ட்டுக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பல ரவுண்டு ஆகும், பொறுமைதான். கழற்றும்போதும் அதே கால் சுற்றுக் கணக்கு. டிஸ்க் பிடித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் போல்ட்டையும் முழுதாக வெளியே எடுக்காதீர்கள். சரிவில் இறுகி நிற்கிற டிஸ்க் திடீரென்று விட்டால் துப்பாக்கி மாதிரி வரும்.

அப்புறம் டார்க் ஆர்ம், பெட்டி தானும் சேர்ந்து சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் கை. மேல் ரோலர் கரும்பு வாங்கும்போது தூக்கிக் கொடுத்து இறங்குகிற சாமான். அதன் மேல் ஏறியிருக்கும் பெட்டியும் கூடவே ஏறி இறங்க வேண்டும். ஆர்ம் முனையை "ஆடுகிறதே" என்று யாராவது வெல்டு வைத்து அசையாமல் செய்திருந்தால், அந்த வலியெல்லாம் அவுட்புட் பேரிங்குக்குப் போகும். முதலில் அந்தப் பின்னும் புஷ்ஷும் சுகமாக அசைகிறதா பாருங்கள்.

பெட்டியைப் பிரிக்க வேண்டுமா என்பதே என் அடுத்த கேள்வி. இரண்டு சீசன்தான் ஓடியிருக்கிறது என்கிறீர்கள். ஆயிலைச் சூட்டோடு இறக்கி, காந்த பிளக்கைப் பாருங்கள். விரலில் தேய்த்தால் மை போல இழையும் சாம்பல் பசை இருந்தால் பயமில்லை. மினுமினுக்கும் செதில் இருந்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது, பிரிக்கத்தான் வேண்டும். ஆலையில் ஆவியும் தண்ணீரும் அதிகம். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர். சந்தேகமாக இருந்தால் சூடான தட்டில் ஒரு சொட்டு விடுங்கள், கடுகு தாளித்த மாதிரி வெடிக்கும். பெட்டி மூச்சு விடும் பிரீதரைக் கழற்றிக் கழுவுங்கள். அது சர்க்கரைப் பாகிலும் பகாஸ் (கரும்புச் சக்கை) தூசியிலும் அடைத்திருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். மேல் மூடி வழியே டார்ச் அடித்து ரிங் கியர் பல் முழுதும் பாருங்கள். சுத்தமாக இருந்தால் மூடிவிடுங்கள். நல்ல பெட்டியைப் பிரித்துக் கெடுத்ததை நிறையப் பார்த்துவிட்டேன்.

வெயில் காலத்தில் 220 கிரேடு கியர் ஆயிலுக்குப் பதில் இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?
*— வாசகர், அரியலூர்*

பெயர்ப் பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அது. பம்ப் வைத்து ஆயில் சுற்றுகிற பெட்டியில் கெட்டி ஆயில் ஊற்றினால், காலையில் கிளப்பும்போது பம்ப் உறிஞ்சத் திணறும், மேல் பேரிங் காய்ந்து ஓடும். லெவலுக்கு மேல் ஊற்றுவதும் வேண்டாம். ஆயிலைக் கடைந்து கடைந்தே பெட்டி சூடாகிவிடும். இன்னொன்று, உள்ளே பாலிகிளைக்கால் சிந்தெட்டிக் இருந்தால் அதோடு சாதாரண மினரல் ஆயில் கலக்காது, தனித்தனியாக நிற்கும். மாற்றும் முன் டின்னைப் படியுங்கள்.

பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வொர்க்‌ஷாப்பில் பெண் பிள்ளை என்று பெட்டி பக்கம் விடுவதில்லை. பல் எண்ணிக்கையிலிருந்து வேகம் கண்டுபிடிப்பது எப்படி, ஐயா?
*— மாணவி, திண்டுக்கல்*

ரிங் நிற்கிறது, சன் ஓட்டுகிறது, கேரியர் வழியே வெளியே எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளம்மா. ரிங் பல்லைச் சன் பல்லால் வகுத்து ஒன்று கூட்டு. சன் 18, பிளானட் 27, ரிங் 72 என்றால் 72ஐ 18ஆல் வகுக்க 4, ஒன்று கூட்ட 5. சன் ஐந்து சுற்று சுற்றினால் கேரியர் ஒன்று. இப்படி மூன்று அடுக்கு வைத்தால் 5 பெருக்கல் 5 பெருக்கல் 5, அதாவது 125. 1500 சுற்று மோட்டார் அந்தப் பக்கம் 12 சுற்றாக வரும். எண்ணியது சரியா என்று பார்க்கவும் வழி உண்டு: சன்னோடு இரண்டு பிளானட்டைக் கூட்டினால் ரிங் வர வேண்டும். 18, 27, 27, கூட்டினால் 72.

பெட்டி பக்கம் விடாவிட்டால் போகட்டும். பழைய இரும்புக் கடையில் பாட்டரி டிரில் மெஷின் ஒன்று வாங்கு, மோட்டார் போனது போதும். முன்பக்கம் நாலு ஸ்க்ரூ கழற்றினால் உள்ளே இதே சாமான் சுண்டு விரல் அளவில் இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். கழற்றும்போது போன் கேமராவில் ஒவ்வொரு படியும் படம் எடுத்துக்கொள். குட்டிப் பிளானட்டுகள் கவிழ்த்ததும் உருண்டு ஓடும், அடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள். பல்லை எண்ணி எழுதி அனுப்பு, அடுத்த இதழில் கணக்கைச் சரிபார்க்கிறேன்.