மூத்தவளுக்கு 21 ஆகிறது: டிரஸ்ட் சொத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: என் அண்ணன் தம் உயிலில் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி என்றும், அவரவர் 21 வயதில் பங்கைப் பெறவேண்டும் என்றும் எழுதி என்னை டிரஸ்டியாக வைத்தார். பெண்ணுக்கு இம்மாதம் 21, பையனுக்கு 17. நிரந்தர வைப்பில் 180,000 வெள்ளியும், இன்றைய விலையில் 120,000 வெள்ளி மதிப்புள்ள பங்குகளும் இருக்கின்றன. பெண்ணின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அசலிலிருந்து 12,000 வெள்ளி எடுத்தேன். இப்போது அவளுக்கு 150,000 ரொக்கமாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பையனுக்கு வைக்கலாமா? அவள் கொஞ்சம் செலவாளி. இரண்டு வருடம் தள்ளிக் கொடுத்தால் தவறா?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தள்ளிப்போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. உயில் சொன்ன வயது வந்ததும் அது அவள் பணம். செலவாளி என்ற கவலை நியாயமானதுதான். சித்தப்பாவாகப் புத்தி சொல்லுங்கள், டிரஸ்டியாகப் பிடித்து வைக்காதீர்கள்.

150,000 என்ற கணக்கும் சரியில்லை. அசலிலிருந்து முன்கூட்டிக் கொடுத்ததை, உயில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், அவள் பங்கில் கழிக்கவேண்டும். 180,000, 120,000, 12,000 மூன்றையும் கூட்டினால் 312,000, பாதி 156,000. அவளுக்கு இன்னும் வரவேண்டியது 144,000, தம்பிக்கு 156,000. கட்டணத்தை வட்டியிலிருந்தோ ஈவுத்தொகையிலிருந்தோ பராமரிப்பாகக் கொடுத்திருந்தால் இந்தக் கழிவு வராது. அதனால் எந்தப் பணத்திலிருந்து எடுத்தீர்கள் என்று வங்கிக் கணக்கறிக்கையை வைத்து உறுதி செய்யுங்கள்.

ஒருவருக்கு முழு ரொக்கம், மற்றவருக்குப் பெரும்பாலும் பங்கு என்று பிரித்தால், விலை ஏறும்போது அவள் கேட்பாள், சரியும்போது தம்பி கேட்பான். டிரஸ்டி நடுநிலை தவறக்கூடாது. ஒவ்வொரு நிறுவனப் பங்கிலும் எண்ணிக்கையில் பாதியைக் கொடுங்கள். ரொக்கத்தில் அவளுக்கு 84,000, தம்பிக்கு 96,000. பங்குச் சந்தையில் விற்பனைத் தொகுப்பு, அதாவது ஒருமுறை விற்கும் குறைந்த அளவு, பொதுவாக 100 பங்கு. பாதியாக்கும்போது 150, 250 என உதிரி விழுந்தால் அதை விற்பது சிரமம், விலையும் அடிபடும். அங்கே தொகுப்பை முழுதாக்கி, வித்தியாசத்தை ரொக்கத்தில் சரிக்கட்டலாம். பங்கை மாற்றும் நாளின் விலையையே எடுங்கள். பங்கைப் பெற அவள் பெயரில் சிடிபி கணக்கு (பங்குகளைப் பதிந்து வைக்கும் மத்திய வைப்பகக் கணக்கு) வேண்டும். இப்போதே திறக்கச் சொல்லுங்கள்.

பிரிக்குமுன் டிரஸ்டின் வருமான வரி பாக்கி, பொதுச் செலவு ஆகியவற்றை மொத்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கொடுத்து முடித்தபின் வரி வந்தால், அதில் அவளுக்குரிய பாகத்தைத் தம்பியின் பங்கிலிருந்து எடுக்க முடியாது. உங்கள் பையிலிருந்து போகும்.

பிறகு அண்ணன் இறந்த நாள் முதல் இன்றுவரை வரவு செலவு எழுதி அவளிடம் கொடுங்கள். படித்துப் பார்க்க அவகாசம் தந்து, அவளுக்கென்று தனி வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லி, அதன்பிறகே விடுவிப்புப் பத்திரத்தில் (பங்கைப் பெற்றுக்கொண்டேன், டிரஸ்டியின் பொறுப்பு முடிந்தது என்னும் பத்திரம்) கையொப்பம் வாங்குங்கள். புரியாமல் போட்ட கையொப்பம் பின்னாளில் உங்களைக் காக்காது.

பையன் 18 ஆனதும் கேட்டால் கொடுக்காதீர்கள். 18 என்ற பேச்சு மத்திய சேமநிதி (மசேநிதி) நியமனத்திலிருந்து, அதாவது இறந்தபின் அந்தச் சேமிப்பு யாருக்கு என்று எழுதிவைப்பதிலிருந்து வருகிறது: நியமனம் பெற்ற பிள்ளையின் பணத்தைப் பொது அறங்காவலர் அந்த வயதுவரை வைத்திருப்பார். அந்தப் பணம் உயிலில் சேராது. உங்கள் டிரஸ்டில் அவனுக்கும் 21தான்.