பழைய ஐபாடை ஆம்ப்ளிஃபயருடன் இணைக்கும் கேபிளை நாமே செய்துகொள்ள முடியுமா? விலையுயர்ந்த கடைக் கேபிளைவிட ஒலி நன்றாக இருக்குமா?

முடியும். சால்டரிங் அயன் (ஈயத்தை உருக்கி வயரைப் பற்றவைக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மாலை நேர வேலைதான். ஒலி மேம்படுமா என்பதற்குப் பதில் வயரில் இல்லை. ஐபாடின் எந்தத் துளையிலிருந்து ஒலியை எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

ஐபாடிலிருந்து ஒலி வெளியே வர இரண்டு வழி. ஒன்று ஹெட்ஃபோன் துளை. உள்ளே வால்யூம் கன்ட்ரோலையும் ஹெட்ஃபோனைத் தள்ளுவதற்கான குட்டி ஆம்ப்ளிஃபயரையும் தாண்டித்தான் அங்கே ஒலி வருகிறது. அதைக் கொண்டுபோய் இன்னொரு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் பெருக்கியதையே மறுபடி பெருக்குகிறோம். இன்னொரு வழி, அடியில் சார்ஜ் போடும் அகலமான 30 பின் துளை. 2003-இல் மூன்றாம் தலைமுறை ஐபாடில் வந்தது. 2014-இல் ஐபாட் கிளாசிக் நிறுத்தப்படும் வரை அந்த மாடலில் இருந்தது. இதற்குள் லைன் அவுட் என்று தனியாக இரண்டு பின்கள் உண்டு. வால்யூம் வீலை எவ்வளவு சுற்றினாலும் இங்கே அளவு மாறாது, ஆம்ப்ளிஃபயரில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஹெட்ஃபோன் பைத்தியங்கள் எல்ஓடி (லைன் அவுட் டாக்) கேபிள் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவது இந்த லைன் அவுட்டை எடுக்கும் கேபிளைத்தான்.

வேண்டியது மூன்றே இணைப்பு. 2-ஆம் பின் ஆடியோ கிரவுண்ட் (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான திரும்பும் வழி), 3-ஆம் பின் வலது, 4-ஆம் பின் இடது. மறுமுனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்: நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். அவ்வளவுதான் சர்க்யூட். (இது ஐபாட் வீடியோ, கிளாசிக் போன்றவற்றுக்கு. ஐபாட் டச், ஐஃபோன் வகைகள் பிளக்கின் 21-ஆம் பின்னில் இருக்கும் ரெசிஸ்டரை (மின்தடையை) வைத்து என்ன மாட்டியிருக்கிறோம் என்று கண்டுகொள்பவை, அவற்றை இங்கே சேர்க்கவில்லை.)

பொருள் வாங்கும்போது சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் போதும். "அண்ணா, ஈ.பி. ஸ்டீரியோ பின், மெட்டல் பாடி" என்று கேளுங்கள், 3.5 ஜாக் என்பதைவிடச் சீக்கிரம் கையில் வரும். ரீன் மாதிரி கொஞ்சம் நல்ல பிராண்ட் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். மலிவான பின்னில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக், அயன் பட்டதும் இளகி, நுனி ஆட ஆரம்பித்துவிடும். வயர், இரண்டு கோர் உள்ள மெல்லிய ஷீல்டு வயர் (இடது, வலதுக்கு உள்ளே இரண்டு வயர், கிரவுண்டுக்குச் சுற்றிலும் உலோக வலை). மேடை மைக்குக்குப் போடும் தடித்த வயரைத் தரப் பார்ப்பார்கள், அது இந்தப் பின்னின் மூடிக்குள் நுழையாது. கடையிலேயே நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.

தகராறு 30 பின் பிளக்கில்தான். பழைய சார்ஜிங் கேபிளை அறுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அதைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள்: பெரும்பாலும் சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் வேண்டிய இடங்களில் மட்டும் தகடு இருக்கும், 2, 3, 4 காலியாக இருக்கும். முழுப் பின்னும் உள்ள பிளக்கை ஆன்லைனில் தேடி வாங்குவதுதான் வழி. எந்தப் பக்கம் 1, எந்தப் பக்கம் 30 என்பதைப் படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். சில படங்கள் ஐபாடின் துளையைக் காட்டும், சில பிளக்கைக் காட்டும். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். எது யாருடைய படம் என்று தெளிவான பிறகு அயனைச் சூடாக்குங்கள்.

பத்த வைக்கும்போது கவனிக்க வேண்டியது இடைவெளி. அந்தப் பின்கள் சீப்பின் பற்களைவிட நெருக்கம், ஈயம் ஒரு துளி கூடினாலும் பக்கத்துப் பின்னோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஒரு நல்ல உபாயம் இருக்கிறது: பல பிளக்குகளில் தகடுகளை ட்வீசரால் பின்பக்கமாக உருவிவிடலாம். தேவையில்லாத அக்கம்பக்கத்துப் பின்களை உருவிவிட்டால் கை ஆடினாலும் பயமில்லை. பிறகு வயர் நுனிக்குத் தனியாக, பின்னுக்குத் தனியாக லேசாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்து அயன் முனையால் ஒரு நொடி தொட்டால் இரண்டு ஈயமும் உருகி ஒன்றாகும். அதற்கு மேல் வைத்திருந்தால் பிளாஸ்டிக் தாங்காது. 25 வாட் அயன், மெல்லிய முனை, 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) போதும். சரியாகப் பிடித்த ஜாயின்ட் பளபளவென்று வயரின் மேல் படர்ந்திருக்கும். மங்கலாக உருண்டை கட்டி நின்றால் உள்ளே பிடிக்கவில்லை, மறுபடி சூடு காட்டுங்கள்.

ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவையும் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் உறை) பின்னின் மூடியையும் பத்த வைப்பதற்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும். வேலை முடிந்து நிமிர்ந்த பிறகுதான் பலருக்கு மூடி மேஜையில் கிடப்பது கண்ணில் படும்.

வீட்டில் கிடக்கும் பழைய இயர்ஃபோன் வயரை வெட்டிப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் எரிச்சல் பிடித்த வேலை. அதில் இழைகள் சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் இருக்கும். அந்த நிறம் எனாமல் பூச்சு, ஈயம் அதன்மேல் ஒட்டாது. நடுவே வலுவுக்காக நூல் வேறு ஓடும். நூலை வெட்டி எறிந்துவிட்டு, அயன் முனையில் ஈயத் துளி வைத்து இழையை அதற்குள் கொஞ்ச நேரம் பிடித்தால் பூச்சு புகைந்து கழன்று வெள்ளி நிறமாக மாறும். புகையை மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இப்போது, விலையுயர்ந்த கேபிள்களில் போடும் வெள்ளி வயர் விஷயம். வெள்ளி செம்பைவிட சுமார் 6 சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும், அது உண்மை. அரை மீட்டர் கேபிளில் 26 கேஜ் (வயரின் தடிமன் அளவு) செம்பு வயர் போய்த் திரும்புவதற்கு மின்தடை ஏறக்குறைய 0.13 ஓம். எதிரே ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், வயரில் தொலைவது லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதில் 6 சதவீதத்தை மிச்சம்பிடிக்கத்தான் அந்தக் காசு. ஷீல்டு வயரின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை) உயர் சுரங்களை விழுங்கும் என்பதும் இந்த நீளத்துக்குப் பொருந்தாது. மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றும், ஐபாட் பக்கத்துத் தடையைத் தாராளமாக 1,000 ஓம் என்றும் எடுத்தால்கூட, ஒலியில் வெட்டு விழுவது 30 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல். நம் காது 20,000-த்தோடு சரி. வெள்ளி வயர் பின்னலாகப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், அந்த ஆசைக்காக வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து மூன்று இணைப்பையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஷார்ட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வயரைப் பின்னின் கழுத்தருகே வளைத்து ஆட்டிக்கொண்டே சோதியுங்கள். கேபிள் பிற்பாடு சாவது அந்த இடத்தில்தான். மூடிக்குள் இருக்கும் கிளிப் வயரின் மேலுறையைக் கவ்வ வேண்டும், உள்ளே இருக்கும் இழைகளை அல்ல.

ஒற்றை ஸ்பீக்கர் உள்ள மோனோ ஆம்ப்ளிஃபயர் அல்லது மைக் செட்டில் கொடுப்பதாக இருந்தால் இடதையும் வலதையும் நேராக முறுக்கிச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதற்குப் பிறகு சேருங்கள். 2.5, 4.4 மி.மீ. பேலன்ஸ்டு அவுட்புட் (இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி நெகட்டிவ்) உள்ள புதிய பிளேயர்களில் இரண்டு நெகட்டிவையும் ஒன்றாகக் கட்டவே கூடாது, பிளேயருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிடலாம்.

உங்களிடம் இருப்பது 2012 முதல் வந்த, லைட்னிங் என்ற சின்னத் துளை உள்ள ஐபாட் என்றால் வெறும் வயரால் வேலை நடக்காது. அதில் வெளியே வருவது டிஜிட்டல் சிக்னல், நடுவே அதை மாற்றித் தரும் சிப் வேண்டும். அதற்கு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.